தலையில் பலத்த காயம்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் இழப்பீடு கேட்க முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர். தங்கச்சிமடத்திலோ தனுஷ்கோடி சாலையிலோ தலையில் பலமாக அடிபட்டவரை முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கும் முடியாவிட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று எந்த ஊரில் விபத்து நடந்தாலும் பெரும்பாலும் இதே பாதைதான். ஆள் பிழைத்து வீடு திரும்பும்போது காகிதங்கள் மூன்று மருத்துவமனைகளிலும் ஒரு காவல் நிலையத்திலும் சிதறிக் கிடக்கும். வீட்டில் கடன் இருக்கும். எதிர்த்தரப்பிலிருந்து யாராவது வந்து, "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த நிலையில் இருக்கும் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். மூளைக் காயத்துக்கான இழப்பீடு மருத்துவமனைச் செலவைத் திரும்பப் பெறுவதோடு முடிவதில்லை. ஒரு மனிதரை இனி வாழ்நாள் முழுவதும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வதற்கான செலவையும் அதில் கேட்க வேண்டும். அதைக் கேட்கத் தெரியாமல் பாதித் தொகையோடு வீடு திரும்பும் குடும்பங்கள் உண்டு.

பலத்த காயம் என்று எதைச் சொல்கிறார்கள்

கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து மருத்துவர்கள் 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். இதற்கு கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று பெயர். 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலத்த மூளைக் காயம். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது போட்ட அந்த எண் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரக் கேளுங்கள். பின்னாளில் வழக்கில் முதலில் தேடப்படும் எண்களில் அதுவும் ஒன்று.

அடிபட்டவர் எழுந்து நடந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுச் சில மணி நேரத்தில் மயங்கிச் சரிவதும் உண்டு. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் கசியும் ரத்தம் அப்படித்தான் ஏமாற்றும். தலையில் பலமாக அடிபட்டவரை வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைக்காதீர்கள், சி.டி. ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

முதல் இரண்டு நாட்கள்

108-ஐ அழையுங்கள். பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. கழுத்தெலும்பும் அடிபட்டிருந்தால் அந்தப் பயணமே அவரை முடக்கிவிடலாம். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சாலை விபத்து என்றால், தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் உச்சவரம்பு முதலில் ஒரு லட்சம் ரூபாயாக இருந்து பிறகு இரண்டு லட்சமாக உயர்ந்தது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இரண்டுமே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் மட்டும்தான் கிடைக்கும். சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். அதற்கு மேல் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும்.

காவல் நிலையமும் காகிதங்களும்

வழக்கின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

மருத்துவமனையில் சேர்த்தவுடன் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடுவார்கள். ஏ.ஆர். நகல் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எப்படி அடிபட்டது என்று கூட வந்தவர் சொல்வதை அதில் எழுதுவார்கள். பதற்றத்தில், "பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், பின்னால் வந்து இடித்த வேன் அந்தப் பதிவில் இருக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பார். எது இடித்தது, எங்கே இடித்தது, தெரிந்தால் வண்டி எண் என்ன என்று சரியாகச் சொல்ல ஒருவரை நிறுத்துங்கள்.

காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதியப்பட்டதும் நகல் வாங்குங்கள், அது இலவசம். பிறகு பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பதிவு), இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்று, குற்றப்பத்திரிகை என்று ஒவ்வொன்றாக வரும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

மருந்துக் கடை ரசீது, ஆம்புலன்ஸ் வாடகை, மதுரையில் கூட இருந்தவர் தங்கிய அறை வாடகை, பஸ் டிக்கெட் வரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீதுகள் மங்கிவிடும். வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் வண்டி உரிமையாளர் தரப்பு ஊர்ப் பெரியவர்களோடு வருவது வழக்கம். "செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வழக்கு வேண்டாம்" என்பார்கள். மனசாட்சியோடு வருபவரும் உண்டு. ஆனால் அவர் தரக்கூடியது ஆஸ்பத்திரிச் செலவு. உங்களுக்குத் தேவையானது முப்பது வருடப் பராமரிப்பு. உரிமையாளர் கொடுக்க முடியாததைக் கொடுப்பதற்காகத்தான் மூன்றாம் நபர் காப்பீடு (வண்டியால் அடிபடும் வெளியாளுக்கு இழப்பீடு தரும் காப்பீடு) சட்டப்படி கட்டாயமாக இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் அந்தக் காப்பீட்டைச் சிக்கலில்லாமல் தொட முடியும் என்பதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்த வழியில் போவது

காயம் எங்கே நடந்தது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும்.

*சாலையில்:* மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166ஆவது பிரிவின் கீழ், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். சென்னைக்குப் போன இடத்தில் அடிபட்ட மண்டபத்துக்காரர் ராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், 161ஆவது பிரிவின்படி பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். அதனால்தான் அருகிலுள்ள கடை, பெட்ரோல் பங்க், சோதனைச் சாவடி ஆகியவற்றின் கேமராப் பதிவுகளை உடனே எடுத்து வைக்கும்படி போலீசாரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும்.

தானே சறுக்கி விழுந்தவர் தன் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க முடியாது. ஆனால் வண்டி உரிமையாளரே ஓட்டியிருந்தால், 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

*படகில்:* விசைப்படகில் வலையை இழுக்கும் வின்ச் இயந்திரத்தின் கம்பி அறுந்து வீசுவதும், இழுவலைப் பலகை ஊஞ்சலாடி வந்து தலையில் அடிப்பதும் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஆபத்துகள். இவை வேலையின்போது நேர்ந்த காயங்கள். முன்பு 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. இதற்கென அரசு நியமித்த அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது இந்த வழியின் பெரிய பலம். முழு நிரந்தர ஊனம் என்றால் மாத ஊதியத்தின் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்கித் தொகையை முடிவு செய்வார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் கரையில் சம்பளம் பங்கு முறையில் வருகிறது. "அவர் என் தொழிலாளி இல்லை, பங்காளி" என்று உரிமையாளர் வாதாடலாம். படகு யாருடையது, டீசல் யார் போட்டது, எந்த நாளில் போக வேண்டும் என்று யார் சொன்னது, முன்பணம் யார் கொடுத்தது என்பதைக் கூடப் போன ஆட்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மீன்வளத் துறை தரும் கடல் டோக்கன், அந்த நாளில் அந்தப் படகு கடலுக்குப் போனதற்கு நல்ல சாட்சி. கரைக்கு வந்ததும் மீன்வளத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

இதோடு, பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கோ முழு நிரந்தர ஊனத்துக்கோ 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் உண்டு. இது தனி உரிமை. வழக்கோடு சேர்த்தே கேட்கலாம்.

லாரியில் மீன் ஏற்றிப் போன கூலியாள் அடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம், தொழிலாளர் இழப்பீடு ஆகிய இரண்டும் பொருந்தும். ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பலத்த மூளைக் காயத்தில் மோட்டார் வாகனத் தீர்ப்பாயமே பெரும்பாலும் அதிகம் தரும் என்பது என் கருத்து. பராமரிப்பாளர் செலவையும் எதிர்கால மருத்துவச் செலவையும் அங்கேதான் தனித்தனியாகக் கேட்க முடியும்.

*பனையிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் விழுந்தவர்கள்* தங்கள் நலவாரியப் பதிவை முதலில் தேடுங்கள். பனைமரத் தொழிலாளர்களுக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் தனித்தனி வாரியங்கள் உள்ளன. கூலிக்கு வைத்த முதலாளியோ ஒப்பந்தக்காரரோ இருந்தால் தொழிலாளர் இழப்பீடும் கேட்கலாம்.

*அடிதடியில் தலை உடைந்தால்,* மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம். *சிகிச்சையில் நேர்ந்த தவறு* என்றால், பணம் கட்டிய மருத்துவமனைமீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது. அதற்கு உரிமையியல் வழக்கோ உயர் நீதிமன்ற மனுவோ வழி. *வளைகுடாவில்* அடிபட்டவர் குடியேற்ற அனுமதி பெற்றுப் போயிருந்தால், பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் 10 லட்ச ரூபாய்க் காப்பீடு அவருக்கு இருக்கும். கீழக்கரை வீடுகளில் அந்தப் பாலிசிக் காகிதத்தைப் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

ஆறு மாதக் கெடு

2022 ஏப்ரல் 1 முதல், சாலை விபத்து மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊனச் சான்று வரட்டும், தலையோட்டை மூடும் அறுவை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனுவை முதலில் போடுங்கள். சான்றுகளைப் பிறகு சேர்க்கலாம். ஆறு மாதம் கடந்துவிட்டது என்றாலும் கைவிட வேண்டாம், இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உள்ளன. உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஒரு பொறியையும் இங்கே சொல்ல வேண்டும். யார் தவறு என்று பார்க்காமலேயே பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் தர 164ஆவது பிரிவு வழி செய்கிறது. காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையைச் சீக்கிரமே நீட்டும். அதை ஏற்றுக் கையெழுத்திட்டால், தீர்ப்பாயத்தில் உள்ள உங்கள் மனு காலாவதியாகிவிடும். கடன்காரர் வாசலில் நிற்கும் நேரத்தில் இரண்டரை லட்சம் பெரிதாகத்தான் தெரியும். ஒரு மூளைக் காயத்துக்கு அது ஓராண்டுப் பராமரிப்புக்கே போதாமல் போகலாம்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

பாதிக்கப்பட்டவரின் மாத வருமானத்தோடு எதிர்கால உயர்வைச் சேர்த்து, பன்னிரண்டால் பெருக்கி, வயதுக்குரிய பெருக்கெண்ணாலும் பெருக்கி, இழந்த வேலைத்திறனின் சதவீதத்தைப் போடுவார்கள். 40 வயதுக்கு உட்பட்ட, சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வு 40 சதவீதம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னது. காய வழக்குகளுக்கும் அந்த உயர்வு உண்டு என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தெளிவாக்கியது. பெருக்கெண்கள் 2009-இன் சரளா வர்மா தீர்ப்பிலிருந்து வருகின்றன: 26 முதல் 30 வயதுவரை 17, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15, 41 முதல் 45 வரை 14.

ஓர் உதாரணம். 32 வயது விசைப்படகுத் தொழிலாளி லாரி மோதி அடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பாயம் மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று ஏற்கிறது. 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 16 மடங்கு 40,32,000 ரூபாய்.

மருத்துவ வாரியம் அவருக்கு 60 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது. அதை அப்படியே போட்டால் தொகை 24,19,200 ஆகிவிடும். ஆனால் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: உடலின் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல, இவரால் இனி எந்த வேலை செய்ய முடியும் என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். திசை மறந்தவரையும் வலிப்பு வருகிறவரையும் எந்தப் படகில் ஏற்றுவார்கள்? அவருடைய தொழில்திறன் இழப்பு நூறு சதவீதம். இந்த ஒரு வாதத்தை எடுக்காமல் விட்டால் 16,12,800 ரூபாய் போய்விடும்.

அடுத்தது பராமரிப்பாளர் செலவு. 2020-இல் காஜல் வழக்கில், மூளை பாதிக்கப்பட்ட சிறுமிக்கு இரண்டு பராமரிப்பாளர்கள் தேவை என்று கொண்டு, மாதம் 5,000 வீதம் கணக்கிட்டு, பெருக்கெண் 18-ஐப் பயன்படுத்தி 21,60,000 ரூபாயை அந்த ஒரு தலைப்பிலேயே உச்ச நீதிமன்றம் கொடுத்தது. நம் உதாரணத்தில் மாதம் 10,000 என்றால் 19,20,000 ரூபாய். "மனைவிதானே பார்த்துக்கொள்கிறார், செலவு என்ன?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். பாசி எடுக்கவும் கருவாடு காயவைக்கவும் போய்ச் சம்பாதித்துக்கொண்டிருந்த பெண், இரவு பகலாகக் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த உழைப்புக்கு விலை இல்லை என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். மனுவில் தனித் தலைப்பாகக் கேளுங்கள்.

இவை தவிர மருத்துவச் செலவு, எதிர்கால அறுவை, பயிற்சிச் சிகிச்சை, வலிப்பு மருந்து, சத்துணவு, போக்குவரத்து, வலியும் வேதனையும், வாழ்வின் இன்பங்களை இழந்தது, திருமண வாய்ப்பு போனது ஆகியவையும் தனித் தலைப்புகள். வீக்கத்துக்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் அதைத் திரும்ப வைக்க இன்னொரு அறுவை வேண்டும். அதற்கான மதிப்பீட்டை மருத்துவமனையில் எழுதி வாங்குங்கள்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று மலைக்க வேண்டாம். ஆவணம் இல்லாத காய்கறி வியாபாரியின் வருமானத்தையும் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. மீனவருக்கு ஏலக் கணக்கு, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, வங்கிப் புத்தகம், உடன் தொழில் செய்பவரின் சாட்சியம் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வருமானம் குறைவு என்று வாதம் வரும். அந்த மாதங்களில் அவர் வலை பின்னியதையும் வேறு கூலிக்குப் போனதையும் முன்கூட்டியே சாட்சியத்தில் சொல்லிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஊனத்தை நிரூபிப்பது

தீர்ப்பாயத்தில் அவர் நடந்து வருவார், பெயர் கேட்டால் சொல்வார். பார்ப்பவருக்கு நலமாகத் தெரியும். வீட்டில் அடுப்பை அணைக்காமல் போகிறார், காலையில் சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறார், குழந்தையை அடிக்கக் கை ஓங்குகிறார், தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார். வீட்டோடு இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிகிற இவைதான் வழக்கின் உண்மையான விஷயம்.

ஒரு சாதாரண நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இன்று வலிப்பு வந்தது, எத்தனை நிமிடம், யார் பிடித்தார்கள். இன்று குளிப்பாட்டியது யார். இரண்டு வரி போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதினாலும் சரி. நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் காட்டி, இவற்றைச் சிகிச்சைச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நினைவாற்றல், கவனம் ஆகியவற்றுக்கான நரம்பியல் உளவியல் பரிசோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். கைகால் பலத்தை மட்டும் அளந்து தரும் ஊனச் சான்று மூளைக் காயத்துக்குப் பாதிச் சான்றுதான். மருத்துவ வாரியத்துக்குப் போகும்போது இந்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்க வேண்டும்.

தலைக்கவசம் போடவில்லை என்பதைக் காட்டித் தொகையில் ஒரு பங்கைக் குறைப்பது உண்டு. ஒரே பைக்கில் மூவர் ஏறியது சட்ட மீறல்தான் என்றாலும், அது மட்டுமே தொகையைக் குறைக்கக் காரணம் ஆகாது. அதனால்தான் விபத்து நடந்தது என்று நிரூபித்தால்தான் குறைக்க முடியும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

யார் கையெழுத்திடுவது, யார் வாதாடுவது

பாதிக்கப்பட்டவர் சுயநினைவிலோ தெளிவிலோ இல்லாவிட்டால், மனைவியோ பெற்றோரோ அவர் சார்பில் காப்பாளராக மனுப் போடலாம். அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைக் கையாளவோ நிலத்தை விற்றுச் சிகிச்சை பார்க்கவோ தீர்ப்பாயம் அனுமதி தர முடியாது. அதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட்டுக் காப்பாளராக நியமனம் பெற வேண்டும்.

மருத்துவமனை வாசலிலேயே வக்காலத்தில் (வழக்கை நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே முடித்ததற்கு மேல்முறையீடு கிடையாது. மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டு எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். தீர்ப்பாயத்தின் தொகை குறைவு என்று பட்டால் 90 நாட்களுக்குள் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட்டால், மரணக் காரணம் எதுவானாலும் உரிமை வாரிசுகளுக்குத் தொடரும்.

தொகை வந்த பிறகு

தன்னால் பணத்தை நிர்வகிக்க முடியாதவரின் பெயரில் தீர்ப்பாயம் தொகையின் பெரும்பகுதியை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டியை மாதாமாதம் காப்பாளர் எடுக்க அனுமதிக்கும். உறவினர்கள் கடன் கேட்டு வரும்போது இந்த ஏற்பாடு உங்களுக்குக் காவல். அறுவைக்கோ அவசரச் சிகிச்சைக்கோ முதலில் கை வைக்க வேண்டியிருந்தால், மருத்துவமனை மதிப்பீட்டோடு தீர்ப்பாயத்தில் தனி மனுப் போட்டு எடுக்கலாம். அரசுப் பேருந்து மோதிய வழக்குகளில் தீர்ப்பு வந்தும் தொகை தாமதமானால், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுப் போடுங்கள். பேருந்தை ஜப்தி செய்ய உத்தரவு வருவது தமிழ்நாட்டில் புதிதல்ல.

வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து விடுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை மாநில அரசு தருகிறது. இழப்பீட்டு வழக்கு நடந்துகொண்டிருப்பது அதற்குத் தடையில்லை.